கும்பிடாத செந்தாமரை மிஸ்ஸி

சென்ற வியாழக்கிழமை காலை சுவாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செந்தாமரையின் மகள் கயல் பேசினாள்.

"பெரியம்மா, அம்மா போயிட்டாங்க. விடியக்காலம், தூக்கத்துலயே."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளே தொடர்ந்தாள்.

"ரேடியோவுக்கு மரண அறிவித்தல் குடுக்கணும் பெரியம்மா. அங்க இருக்கிறவர் 'இறைவனடி சேர்ந்தார்'னு போடவான்னு கேக்குறாரு."

"வேண்டாம் பிள்ளை. காலமானார் எண்டு போடச் சொல்லு."

"சொன்னேன். நீங்க சைவமா, கிறிஸ்தவமான்னு கேக்குறாரு. ரெண்டுக்கும் வேற வேற மாதிரி வாசிப்பாங்களாம்."

"ரெண்டும் இல்லை எண்டு சொல்லன்."

"அதையும் சொல்லிட்டேன். அப்ப என்னன்னு கேக்குறாரு."

கண்ணீர் வழிந்துகொண்டிருந்த முகத்தோடு நான் சிரித்துவிட்டேன். தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் கயலும் சிரித்தாள். ஏனென்றால் "அப்ப என்ன?" என்பதுதான் அவளுடைய தாயாரிடம் வாழ்நாள் முழுவதும் எல்லோரும் கேட்ட கேள்வி.

கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தாதியர் எல்லோரையும் நோயாளர்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். செந்தாமரை மிஸ்ஸியைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. உயரமான, மெலிந்த உருவம், வேகமான நடை, ஊசி குத்துவதற்கு முன்னால் "இப்ப கொஞ்சம் வலிக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிடும் வழக்கம். வலிக்காது என்று அவர் ஒரு குழந்தையிடம்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரைத் தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் எழுபதுகளின் நடுவில் தாதியர் பயிற்சிக்காகக் கண்டிக்கு வந்தோம். நான் யாழ்ப்பாணத்துப் பெண். சைவச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை விரதம், தலையணைக்குக் கீழே திருநீற்றுப் பை. அவர் நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தந்தையார் தேயிலை ஆலையில் வேலை செய்தவர். இளம் வயதில் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய், வீட்டிலிருந்த சுவாமி படங்களை இறக்கிவைத்தவர். தாயார் அந்தப் படங்களை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாராம். தந்தையாருக்கும் அது தெரியுமாம். அந்தப் பக்கம் போகமாட்டாராம்.

விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. வந்த அன்றே நான் சுவரில் முருகன் படத்தை மாட்டினேன். மாட்டிய பிறகுதான் அவரிடம் கேட்டேன். "மாட்டுங்க பரமு, எனக்கென்ன?" என்றார். அறையைத் துடைக்கும் முறை அவருக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்தின் கண்ணாடியையும் துடைத்துவிடுவார். ஆனால் ஒருநாளும் கைகூப்பியதில்லை. 'தகப்பன் சொன்னதற்காகவா இப்படி இருக்கிறீர்?' என்று கேட்டேன்.

"அப்பா சொன்னதுக்காக இல்ல. சின்ன வயசுல அம்மாவுக்குப் பின்னாடி நின்னு நானும் கும்பிட்டுப் பார்த்திருக்கேன். யாரும் கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பெண்கள் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பௌத்த பன்சலைக்கும் பிரிந்து போவார்கள். இவர் மட்டும் துணி துவைத்துக்கொண்டிருப்பார். சிலர் இவருக்கு நாத்திகி என்று பட்டம் வைத்தார்கள். அது காதில் விழுந்த ஒரு ஞாயிறு பின்னேரம் நான் கேட்டேன்: "அப்ப உம்மை என்னெண்டுதான் சொல்லுறது?"

அவர் அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. துவைத்த சட்டையைப் பிழிந்தபடியே யோசித்தார்.

"நாத்திகின்னா சண்டைக்கு வர்றவ மாதிரி இருக்கு பரமு. நான் யாரோட சண்டை போட்டேன்?"

"கடவுள் மறுப்பாளர்?"

"அது எங்கப்பாவுக்குப் பொருந்தும். அவர் தினமும் உட்கார்ந்து மறுப்பாரு. நான் அந்த நெனைப்பே இல்லாம இருக்கிறேனே."

"பகுத்தறிவாளர் எண்டு சொல்லலாமே."

"அப்ப உங்களுக்கு அறிவில்லையா? பரீட்சையில நீங்கதானே எனக்கு முன்னுக்கு வந்தீங்க. எங்கம்மாவுக்கும் அறிவில்லையா?"

"நம்பிக்கை இல்லாதவர்?"

"ஐயோ, அதைக் கேட்டா வாழ்க்கை வெறுத்துப்போனவன்னு நெனைச்சு என்னையே வார்ட்ல சேர்த்திடுவாங்க."

கடவுள் உண்டோ இல்லையோ தெரியாது என்பவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு என்று எங்களோடு படித்த ஒரு கிறிஸ்தவப் பெண் சொல்லியிருந்தாள். அதையும் எடுத்துக் கொடுத்தேன். அதற்குத்தான் அவர் அதிக நேரம் யோசித்தார்.

"தெரியாதுன்னு சொன்னா பணிவா இருக்கும். கேக்கிறவங்களுக்கும் கோவம் வராது. ஆனா மனசுக்குள்ள எனக்குச் சந்தேகம் இல்லையே. பணிவுக்காகப் பொய் சொல்லலாமா?"

விடை ஒரு நோயாளியின் கேள்வியிலிருந்து வந்தது. எலும்பு முறிவு வார்டில் நாங்கள் பயிற்சியில் இருந்தபோது, அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெண்மணி ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து நெடுநாள் படுத்திருந்தார். அவரைத் துடைத்து உடை மாற்றிவிடுவது செந்தாமரைதான். ஒருநாள் அவர் கேட்டார்: "மகள், நீங்க என்ன மார்க்கம்?"

"நான் கும்பிடுறதில்லைங்க உம்மா" என்றார் இவர்.

அந்தப் பெண்மணி இவரை ஒருமுறை பார்த்தார். "அப்படியா? கை நல்ல பதமா இரிக்கி மகள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

அன்று விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் செந்தாமரைக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா பரமு? பேரே வேணாம். மீன் சாப்பிடுறதில்லைன்னு நீங்க சொல்றீங்க. அந்த மாதிரி, நான் கும்பிடுறதில்லை. நான் செய்யாததைச் சொன்னாப் போதும். என்னைப் பத்தியும் பெருமை இல்ல, மத்தவங்களைப் பத்தியும் ஒரு குறை இல்ல." அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது நாங்கள் இருவரும் பேராதனைப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, பிலிமத்தலாவையில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கொழும்பு எரிகிறது என்று செய்தி வந்த மறுநாள். காலை வேலை முடிந்து பஸ் ஏறினோம். இருவரும் வெள்ளைச் சீருடையில் இருந்தோம். கண்டிப் பக்கம் கரும்புகை தெரிந்தது.

பாதி வழியில் சிலர் வீதியை மறித்து பஸ்ஸை நிறுத்தினார்கள். பொல்லுத்தடியோடு ஓர் இளைஞன் ஏறி, தமிழர் யாரும் இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டான். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்று பெயரைக் கேட்டான். எனக்கு அந்த நாளில் சிங்களம் யாழ்ப்பாணத் தமிழ் வாடையோடுதான் வரும். வாயைத் திறந்தால் முடிந்தது.

செந்தாமரை எழுந்து நின்றார். தோட்டத்துக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அவருடைய சிங்களத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. வார்டில் சிங்கள நோயாளர்கள் அவரைத் தாமரா மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். அது சிங்களப் பெண்களுக்கும் உள்ள பெயர்.

"இவளுக்குத் தொண்டையில் நோய், தம்பி. பேச முடியாது. என் வார்டில் வேலை செய்கிறவள். நான் தாமரா" என்றார் சிங்களத்தில்.

அவன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "அப்படியானால் நீ பன்சில் சொல்லு" என்றான். பன்சில் என்பது பௌத்தர்கள் தினமும் சொல்லும் ஐந்து ஒழுக்க உறுதிகள். குழந்தையிலிருந்து சொல்லி வளர்ந்தவர்களுக்கே அது தடையில்லாமல் வரும்.

செந்தாமரை கைகளைக் கூப்பினார். அவர் கைகூப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வார்டில் சாகக் கிடந்தவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பிக்குமார் சொல்லக் கேட்டுக் கேட்டு அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது. அவசரப்படாமல், குரல் நடுங்காமல் தொடங்கினார். இரண்டாவது வரியில் எங்களுக்குப் பின் இருக்கையிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் யாருக்கோ சாப்பாடு கொடுத்துவிட்டு வந்த ஒரு சிங்கள அம்மா, மடியில் வெற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கூடவே சொல்லத் தொடங்கினார். பிறகு கண்டக்டர். பிறகு முன் வரிசைகள். கடைசியில் பஸ் முழுவதும் சொன்னது. அந்தச் சத்தத்துக்குள் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

பொல்லோடு நின்ற இளைஞனால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. பொல்லைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு அவனும் கைகூப்பினான். முடிந்ததும் யாரையும் பாராமல் இறங்கிப் போய்விட்டான்.

பின் இருக்கை அம்மா எங்கள் தோளைத் தொட்டு, "வீட்டுக்குப் போகவேண்டாம் மகளே, என்னோடு வாருங்கள்" என்றார். அவர் பெயர் குசுமா என்று அவருடைய வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஊரடங்கு தளர்ந்து ஆஸ்பத்திரி வாகனம் வரும்வரை எங்களைத் தன் அறையில் வைத்திருந்தார். நாங்கள் தமிழர் என்பது பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும் என்று அவர் சொன்னபோது நான் விம்மி விம்மி அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும் செந்தாமரையிடம் சொன்னேன்: "முருகன்தான் எங்களைக் காப்பாத்தினவர்."

"நீங்க அப்படிச் சொல்லுங்க பரமு. எனக்குத் தெரிஞ்சு காப்பாத்தினது அந்தா, அடுப்படியில தேத்தண்ணி ஊத்துறாங்களே, அவங்க."

"நீர் கும்பிட்டீரே, தாமரை."

"கும்பிடல. பொய் சொன்னேன். பணிவுக்காகச் சொல்லமாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்தான். உசுருக்காகச் சொல்லுவேன். நல்லா சொன்னேனா?"

"நல்லாச் சொன்னீர்."

"ஒண்ணு சொல்லவா? எல்லாரும் சேர்ந்து சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. ஆனா அது சாமிக்கு இல்ல. அந்தச் சனத்துக்கு."

அதற்கடுத்த ஆண்டு அவர் திருமணம் செய்தார். நாவலப்பிட்டித் தபாற்கந்தோரில் வேலை பார்த்த அந்தோனி, பிறப்பால் கத்தோலிக்கர்; ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மழை நாட்களில் செந்தாமரை குடையோடு தேவாலய வாசல் வரை போய்க் கணவரை விட்டுவிட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

கயல் பள்ளிக்கூடம் போகும் வயதில் மறுபடியும் அந்தக் கேள்வி வந்தது. நம் நாட்டில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். பிள்ளையை எந்தச் சமய வகுப்பில் இருத்துவது என்று அதிபர் கேட்டார். பிள்ளையே சொல்லட்டும் என்றார் செந்தாமரை. அதிபருக்குத் திகைப்பு. கயல், தன் சிநேகிதி போகும் சைவநெறி வகுப்புக்குத்தான் போவேன் என்றாள்; நவராத்திரிக்கு அங்கே சுண்டல் கொடுப்பார்களாம். அந்தோனி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கும் மகளைப் பக்கத்தில் இருத்தித் தேவாரம் மனப்பாடம் செய்யவைத்தவர் செந்தாமரைதான். ஒரு சொல் பிழைத்தாலும் விடமாட்டார். ராகத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

"நீர் நம்பாததைப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறீரே" என்று சீண்டினேன்.

"படிக்கிறதை ஒழுங்காப் படிக்கட்டும். கும்பிடுறதா வேணாமான்னு பெரியவளானதும் அவளே பார்த்துக்குவா."

அந்தோனி நெஞ்சு வலியில் திடீரென்று இறந்தபோது, பாதிரியாரை அழைத்து, ஒரு சடங்கும் குறையாமல் அடக்கம் செய்வித்தார். கல்லறைக்குச் சிலுவை வைத்தார். "அவருக்கு அது வேணும் பரமு" என்றார்.

போர் நடந்த ஆண்டுகளில் மதம் இல்லை என்று சொல்வது வேறு விதமான ஆபத்தாக இருந்தது. கண்டியில் குண்டு வெடித்த பிறகு ஒரு வாரம் நகரமே விறைத்துப்போயிருந்தது. ஒருநாள் காலை பஸ் நிலையத்தில் தமிழர்களைப் பிரித்தெடுத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இருவரும் அதற்குள் அகப்பட்டோம். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அது ஒன்றே போதும்.

எங்களை உட்காரவைத்த வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில், வவுனியாவிலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்த பிள்ளை ஒன்று இருந்தது. காய்ச்சல்காரி மாதிரி உடம்பு உதறியது. செந்தாமரை அவளுடைய தோளை அணைத்துக்கொண்டார். "அம்மா, ஒரு தேவாரம் சொல்லுங்கோ" என்று அந்தப் பிள்ளை அவரிடம் கேட்டது. அவருக்கோ எத்தனையோ பதிகங்கள் மனப்பாடம். ஆனால் என் பக்கம் திரும்பினார்.

"பரமு, நீங்க சொல்லுங்க. இதுக்கு மனசோட சொல்றவங்கதான் வேணும்."

நான் மெல்லிய குரலில் பாடினேன். அவர் அந்தப் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு எங்களை ஓர் அதிகாரியின் முன்னால் நிறுத்தினார்கள். பெயர், ஊர், தொழில். "ஆகம?" என்றார், மதம் என்ன என்று கேட்கிறார். நான் இந்து என்றேன். செந்தாமரை, "நான் கும்பிடுவதில்லை ஐயா" என்றார் சிங்களத்தில்.

அதிகாரி தலையை நிமிர்த்தினார். "மதம் இல்லாத தமிழ்ப் பெண்ணா? அப்படியானால் சிவப்புக் கட்சியா? புலியா?"

"நர்ஸ்."

நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். இந்து என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவர் அசையவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவாய்?"

"பக்கத்தில் இருக்கிறவர்களை."

"இப்போது பயமாக இல்லையா?"

"பயம்தான் ஐயா. நல்ல பயம்."

"கூப்பிடு பார்ப்போம்."

செந்தாமரை என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "பரமு, கையைக் குடுங்க."

கொடுத்தேன். அவருடைய விரல்கள் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தன. அதுவரை அவர் பயப்படாதவர் என்று நான் நினைத்திருந்தேன். அதிகாரி எங்கள் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மதம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, போய் உட்காரச் சொன்னார்.

பின்னேரம் ஆஸ்பத்திரி மேட்ரன் வந்து பொறுப்பேற்றதும் எங்களை விட்டுவிட்டார்கள். வாசலுக்கு வந்த செந்தாமரை நின்றுவிட்டார். "அந்தப் பிள்ளைக்கு யாரும் வரலையே" என்றார். மேட்ரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் திரும்பிப் போய் வாசல் வாங்கிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து அந்தப் பிள்ளையை அழைத்துப் போன பிறகே நாங்கள் வீட்டுக்குப் போனோம். 'உள்ளே இந்து என்று ஏன் சொல்லவில்லை? அன்று பஸ்ஸில் பன்சில் சொன்னீரே' என்று வழியில் கோபத்தோடு கேட்டேன்.

"பஸ்ல நான் உண்மையைச் சொல்லியிருந்தா உங்க உசுரு போயிருக்கும். இங்க என் பாடு மட்டும்தானே" என்றார்.

அவர் ஓய்வுபெற்றபோது நடந்த பிரியாவிடைக் கூட்டத்தில் பேசிய ஒருவர், செந்தாமரை மிஸ்ஸி மதங்களையெல்லாம் கடந்தவர் என்று புகழ்ந்தார். இவர் ஏற்புரையில் நன்றி சொல்லிவிட்டு, "நான் எதையும் கடந்து போகலீங்க. உள்ளுக்குப் போகவே இல்ல. எந்த நோயாளிக்கு யார் வேணுமோ, ஹாமுதுருவோ பாதரோ மௌலவியோ ஐயரோ, அவங்களைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அது டியூட்டி" என்றார். மண்டபம் கைதட்டியது. புகழ்ந்தவரும் கைதட்டினார்.

கடைசி நோய் புற்றுநோய். பார்க்க வந்தவர்கள் பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூலும் திருநீறும் தேவாலயத்து எண்ணெயும் கொண்டுவந்தார்கள். ஒன்றையும் அவர் மறுக்கவில்லை. "அவங்களுக்கு எனக்காக ஏதாவது செய்யணும்னு இருக்கு. செய்யட்டும். நான் மாறிட்டேன்னு மட்டும் பிறகு யாரும் சொல்லிடாமப் பார்த்துக்குங்க" என்றார். அந்தப் பொறுப்பை எனக்குத் தந்திருந்தார். இந்தக் கட்டுரையில் அதை நிறைவேற்றிவிட்டேன்.

"பயமாயிருக்கோ தாமரை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வலிக்குப் பயம். அதுக்கு மருந்து இருக்கு. போறதுக்குப் பயமில்ல. போனப்புறம் வருத்தப்பட நான் இருக்கமாட்டேன். நீங்கதான் பரமு பாவம்."

அது உண்மையாகிவிட்டது.

மஹய்யாவ மயானத்தில் சனம் நிறைந்திருந்தது. சடங்கு எதுவும் இல்லாததால் வந்தவர்களுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கயல் தாயாரைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள். அவர் பிரசவம் பார்த்த சிங்களத் தாய்மார் "சாது, சாது" என்றார்கள். அந்தோனியின் தங்கை சிலுவை அடையாளம் போட்டாள். நான் மனத்துக்குள் ஐந்தெழுத்தைச் சொன்னேன். அவருக்காக அல்ல, எனக்காக.

இப்படியான கட்டுரைகளை ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று முடிப்பது வழக்கம். அப்படி எழுதினால் அவர் சிரிப்பார். போய்வாருங்கள் என்றும் சொல்ல முடியாது. திரும்பி வருவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வார்டில் ஒரு முறை உண்டு. அடுத்தவர் வந்து பொறுப்பெடுத்ததாகச் சொல்லும்வரை, வேலை முடிந்தவர் கட்டில்களை விட்டு நகரக்கூடாது. செந்தாமரை ஒருநாளும் நகர்ந்ததில்லை.

பெட்டியை மூட வந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். குனிந்து, அவருடைய காதருகில் சொன்னேன்:

"தாமரை, நான் வந்திட்டன். கயலை நான் பாத்துக்கொள்ளுறன். உம்மட டியூட்டி முடிஞ்சுது. நீர் போம்."